பாய்காட்: சொல்லின் பொருளும் பிறப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு படத்தின் வசனம் பிடிக்கவில்லை என்றால் பாய்காட், ஒரு கம்பெனியின் விளம்பரம் உறுத்தினால் பாய்காட் என்று அன்றாடம் பார்க்கிறோம். தேர்தல் சமயத்தில் கிராமங்களில் வீட்டுக்கு வீடு கருப்புக் கொடி கட்டி, ஊர் எல்லையில் 'தேர்தல் புறக்கணிப்பு' என்று பேனர் வைக்கிறார்கள். வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தைப் புறக்கணிக்கிறார்கள், கட்சிகள் இடைத்தேர்தலைப் புறக்கணிக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே சொல். அது எங்கே, எதற்காகப் பிறந்தது என்று தெரிந்துகொண்டால் எதை அந்தப் பெயரால் அழைக்கலாம், எதை அழைக்கக் கூடாது என்பதும் விளங்கும்.

பாய்காட் என்றால் சரியாக என்ன பொருள்?

ஓர் ஆளோடோ நிறுவனத்தோடோ அரசோடோ வைத்திருக்கும் கொடுக்கல் வாங்கலைப் பலர் கூடிப் பேசி, வெளிப்படையாக அறிவித்து, ஒரு கோரிக்கைக்காக நிறுத்திக்கொள்வது. எனக்கு ஒரு கடையின் காபி பிடிக்கவில்லை, போவதை விட்டுவிட்டேன் என்றால் அது பாய்காட் ஆகாது. அந்தக் கடை வேலையாட்களுக்குக் கூலி பாக்கி வைத்திருக்கிறது, கொடுக்கும்வரை யாரும் போகமாட்டோம் என்று தெருவே சேர்ந்து சொன்னால் அது பாய்காட்.

இது உண்மையிலேயே ஓர் ஆளின் பெயரா?

ஆமாம். சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட். 1832-இல் இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில், பர்க் செயின்ட் பீட்டர் என்ற கிராமத்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். அவர் சிறுவனாக இருந்தபோதுதான் குடும்பம் 'பாய்கட்' என்ற தன் பெயரின் எழுத்தை மாற்றி 'பாய்காட்' ஆக்கிக்கொண்டது. மாற்றாமல் இருந்திருந்தால் இன்று நாம் வேறு மாதிரி உச்சரித்துக்கொண்டிருப்போம்.

'கேப்டன் பாய்காட்' என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் ராணுவத்தில் அவர் அந்தப் பதவிக்கு வரவே இல்லை. காசு கொடுத்து அதிகாரி பதவி வாங்கும் வழக்கம் இருந்த காலம் அது. குடும்பம் வாங்கிக் கொடுத்த கடைநிலை அதிகாரி பதவியில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு விலகினார். பிறகு அயர்லாந்தின் மேற்குக் கரையில் அகில் தீவில் நிலம் குத்தகைக்கு எடுத்துப் பண்ணையம் செய்தார். 1870-களில் மேயோ மாவட்டத்தில், பாலின்ரோப் ஊருக்குப் பக்கத்தில் உள்ள லாக் மாஸ்க் ஏரிக்கரைக்குக் குடிவந்தார். அங்கே அவருக்கு இரண்டு வேலை. சொந்தமாகப் பண்ணையம், அதோடு எர்ன் பிரபு என்ற பெரிய நிலக்கிழாரின் ஏஜெண்டு. நம் ஊர் ஜமீன் காலத்துக் காரியக்காரர் மாதிரி குடியானவர்களிடம் குத்தகை வசூலித்துக் கொடுப்பார், வசூலில் ஒரு பங்கு அவருக்கு.

அப்படி அவர் என்ன செய்துவிட்டார்?

இதற்குப் பதில் சொல்ல, அவரைவிட அந்த ஊரைப் பற்றித்தான் சொல்லவேண்டும். 1845 முதல் சில ஆண்டுகள் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, சுமார் பத்து லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் செத்தார்கள். மேயோ அதில் கடுமையாக அடிபட்ட மாவட்டம். நிலம் பெரும்பாலும் பிரபுக்கள் கையில். உழுகிறவனுக்கு அந்த நிலத்தில் எந்த உறுதியும் கிடையாது. குத்தகை பாக்கி என்றால் வீட்டைவிட்டு வெளியேற்றலாம். 1879-இல் விளைச்சல் மறுபடி பொய்த்தது. கிழவிகள் சொல்லிக் கேட்ட பஞ்சம் திரும்ப வந்துவிடுமோ என்ற பயம் ஊரெங்கும் பரவியது. அந்த ஆண்டு அக்டோபரில், அதே மேயோ மாவட்டத்தின் காசில்பார் ஊரில் 'நிலக் கழகம்' தொடங்கப்பட்டது. மைக்கேல் டேவிட் என்பவர் அதன் உயிர்நாடி. நியாயமான குத்தகை, வெளியேற்றப்படாத உறுதி, குத்தகை உரிமையை விற்றுக்கொள்ளும் சுதந்திரம் ஆகியவை அதன் கோரிக்கைகள்.

1880-இல் எர்ன் பிரபு குத்தகையில் 10 சதவீதம் தள்ளுபடி தருவதாகச் சொன்னார். குடியானவர்கள் 25 சதவீதம் கேட்டார்கள். பிரபு மறுத்தார். பாக்கி வைத்தவர்களை வெளியேற்ற பாய்காட் நீதிமன்றத்தில் நோட்டீஸ் வாங்கினார். அவர் தனிப்பட்ட முறையிலும் கறாரான ஆள், சின்னச் சின்னத் தவறுக்கெல்லாம் அபராதம் போடுவார் என்று அந்த ஊரில் பேச்சு இருந்தது. ஆனால் அவரைவிடக் கொடுமையான ஏஜெண்டுகள் அயர்லாந்தில் நிறையவே இருந்தார்கள். சரியான நேரத்தில் சரியான இடத்தில் இருந்தவர் அவர், அவ்வளவுதான்.

ஒதுக்கி வைக்கும் யோசனை யாருடையது?

அரசியல் உத்தியாக அதை மேடையில் சொன்னவர் சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல். நிலக் கழகத்தின் தலைவர், நாடாளுமன்ற உறுப்பினர், அவரும் ஒரு நிலக்கிழார். 1880 செப்டம்பர் 19 அன்று கிளேர் மாவட்டத்தில் என்னிஸ் என்ற ஊரில் பேசினார். பக்கத்து வீட்டுக்காரனை வெளியேற்றிவிட்டு ஏலம் விடும் நிலத்தை ஒருவன் எடுத்துக்கொண்டால் அவனை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். கூட்டத்திலிருந்து 'சுட்டுக் கொல்லுவோம்' என்று குரல் வந்தது. அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு, கிறிஸ்தவத்துக்கு ஏற்ற வழி, தவறு செய்தவனுக்குத் திருந்த வாய்ப்புத் தரும் வழி என்றார் பார்னெல். வழியில் பார்த்தால் பேசாதீர்கள், கடையில் பேசாதீர்கள், சந்தையில் பேசாதீர்கள், தேவாலயத்தில்கூட அவனைத் தனியே விடுங்கள் என்றார்.

இந்தப் பேச்சை எடுத்துக்காட்டுகிறவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்கத் தவறுகிறார்கள். ஒன்று, அது கொலைக்கு மாற்றாகச் சொல்லப்பட்ட வழி. துப்பாக்கியைக் கீழே வைக்கச் சொன்ன பேச்சு. இன்னொன்று, பார்னெல் அன்று குறிவைத்தது பிரபுவை அல்ல, இன்னொரு குடியானவனின் நிலத்தைத் தட்டிப் பறிக்கும் சக குடியானவனை. மேலே இருப்பவனுக்கு எதிராகவும் இந்த ஆயுதம் திரும்பும், பக்கத்தில் இருப்பவனுக்கு எதிராகவும் திரும்பும் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. பின்னால் சாதிப் பேச்சு வரும்போது இதற்குத் திரும்ப வருகிறேன்.

லாக் மாஸ்க்கில் நடந்தது என்ன?

பார்னெல் பேசி மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 22 அன்று, நோட்டீஸ் கொடுக்கும் அமீனா போலீஸ் காவலோடு குடியானவர் வீடுகளுக்குப் போனார். முதல் சில வீடுகளில் கொடுத்துவிட்டார். ஒரு வீட்டில் இருந்த பெண் நோட்டீஸை வாங்க மறுத்து, சிவப்புக் கொடியை ஆட்டிச் சுற்று வட்டாரத்துக்கு எச்சரிக்கை கொடுத்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடிவந்து கல்லும் சேறும் சாணமும் எறிய, அமீனாவும் போலீஸும் பாய்காட்டின் வீட்டுக்குள் போய் ஒளிந்தார்கள். இந்தப் போராட்டத்தின் முதல் அடியை எடுத்து வைத்தவர்கள் பெண்கள். தலைவர்களின் பெயரைப் பட்டியலிடும் வரலாறுகளில் இது ஒரு வரியோடு போய்விடுகிறது.

மறுநாள் ஊரே திரண்டு பாய்காட்டின் வீட்டுக்குப் போனது. வேலைக்காரர்களிடம் வேலையை விட்டுவிடச் சொன்னார்கள்; விட்டுவிட்டார்கள். பண்ணையில் அறுவடைக்கு நின்ற பயிர் அப்படியே நின்றது. கொல்லர் லாடம் அடிக்க வரவில்லை. துணி வெளுக்கும் பெண் வரவில்லை. பாலின்ரோப் கடைகளில் சாமான் தரவில்லை. காங் என்ற ஊரிலிருந்து ஏரி வழியாகப் படகில் வரவேண்டியிருந்தது. தபால் கொண்டுவரும் பையன் நின்றுவிட்டான். பாய்காட்டின் உறவுக்காரப் பையன் ஒருவன் அந்த வேலையை எடுத்துக்கொண்டான். அவனையும் வழியில் நிறுத்தி, இதோடு விட்டுவிடு என்று சொல்லி அனுப்பினார்கள். மிரட்டலே இல்லை, எல்லாம் மனமுவந்து நடந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் பாய்காட் மேல் யாரும் கை வைக்கவில்லை.

தன் நிலையை விளக்கி அக்டோபரில் லண்டன் 'டைம்ஸ்' இதழுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். மேயோவில் ஒரு மூலையில் நடந்த குத்தகைத் தகராறை உலகச் செய்தியாக்கியது அந்தக் கடிதம்தான்.

ராணுவம் வந்தது உண்மையா?

வந்தது. வடக்கே கேவன், மோனகன் மாவட்டங்களிலிருந்து பயிரை அறுக்க 50 பேர் தொண்டர்களாகப் புறப்பட்டார்கள். அவர்களுக்குக் காவலாகச் சுமார் ஆயிரம் படைவீரர்களும் போலீஸும் அனுப்பப்பட்டார்கள். உள்ளூர்ப் பங்குத்தந்தை ஜான் ஒமாலி, யாரும் வம்புக்குப் போகக் கூடாது, தெருவில் தலையே காட்ட வேண்டாம் என்று மக்களிடம் சொன்னார். படை வந்தபோது எதிர்க்க ஆள் இல்லை. கொட்டும் நவம்பர் மழையில் கூடாரம் போட்டு, இரண்டு வாரம் கிழங்கும் டர்னிப்பும் பிடுங்கினார்கள். சுமார் 500 பவுண்டு மதிப்புள்ள விளைச்சலை எடுக்கச் செலவானது சுமார் 10,000 பவுண்டு.

நவம்பர் 27 அன்று பாய்காட் குடும்பத்தோடு ஊரைவிட்டுக் கிளம்பினார். வண்டி ஓட்ட ஓர் ஆள்கூட முன்வராததால் ராணுவத்தின் ஆம்புலன்ஸ் வண்டியில் ஏறி ரயிலடிக்குப் போனார். டப்ளினில் தங்கிய ஓட்டலுக்கும் மிரட்டல் கடிதம் வந்தது. டிசம்பர் 1 அன்று இங்கிலாந்துக்குப் போய்விட்டார். அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டனின் அரசு கொண்டுவந்த நிலச் சட்டம், நிலக் கழகம் கேட்ட மூன்று கோரிக்கைகளையும் பெருமளவு ஏற்றுக்கொண்டது. பாய்காட் பிறகு லாக் மாஸ்க்குக்கே திரும்பிவந்து 1886 வரை இருந்தார். பிறகு இங்கிலாந்தில் இன்னொரு பண்ணையின் ஏஜெண்டாக வேலை பார்த்து, 1897-இல் இறந்தார்.

பெயரை வினைச்சொல்லாக மாற்றியது யார்?

அதே பங்குத்தந்தை ஒமாலிதான் என்று ஜேம்ஸ் ரெட்பாத் எழுதிவைத்திருக்கிறார். ரெட்பாத் அமெரிக்கப் பத்திரிகையாளர், அடிமை முறையை எதிர்த்து எழுதியவர், அயர்லாந்துச் செய்தி சேகரிக்க வந்தவர். இருவரும் சாப்பிட உட்கார்ந்தபோது, இதற்கு என்ன பெயர் வைப்பது என்று பேச்சு வந்தது. நாடு கடத்துவதைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல் ஒன்றைச் சொல்லிப் பார்த்தார்கள்; குடியானவர்களுக்குப் புரியாது என்று விட்டுவிட்டார்கள். ஒமாலி நெற்றியில் தட்டிக்கொண்டு யோசித்துவிட்டு, 'அவனை பாய்காட் செய்தோம்' என்று வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டாராம்.

1880 அக்டோபரில் ரெட்பாத் அதை அச்சில் ஏற்றினார். நவம்பரிலேயே லண்டன் 'டைம்ஸ்' அந்தச் சொல்லைப் பயன்படுத்தியது. சில ஆண்டுகளில் பிரெஞ்சு, ஜெர்மன், டச்சு, ரஷ்யன் என்று பரவி, ஜப்பானிய மொழிக்கும் போய்ச் சேர்ந்தது. குடியானவர்களுக்குப் புரியவேண்டும் என்று தேடிய சொல் என்பதால்தான் இவ்வளவு வேகம் என்று நான் நம்புகிறேன். அந்த ஊரில் ஒருவருக்கும் அதன் பொருளை விளக்கவேண்டிய தேவையே இல்லை.

அதற்கு முன்னால் இப்படிப்பட்ட போராட்டமே இல்லையா?

பெயர்தான் இல்லை. 1791-இல் அடிமை வணிகத்தை ஒழிக்கும் மசோதா பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் தோற்றதும், அடிமைகள் விளைவித்த மேற்கிந்தியத் தீவுச் சர்க்கரையை வாங்கமாட்டோம் என்று இங்கிலாந்தில் பல்லாயிரம் குடும்பங்கள் முடிவெடுத்தன. வாக்குரிமை இல்லாத பெண்கள் சமையலறையிலிருந்து நடத்திய அரசியல் அது. அமெரிக்கக் குடியேற்ற நாடுகளிலும் 1760-களிலிருந்தே பிரிட்டிஷ் சரக்கை ஒதுக்கினார்கள்.

நம் பக்கம் எப்போது வந்தது?

அரசியல் முழக்கமாக வந்தது வங்கப் பிரிவினையோடு. 1905 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தா டவுன் ஹால் கூட்டத்தில் பிரிட்டிஷ் சரக்கைப் புறக்கணிக்கும் தீர்மானம் நிறைவேறியது. சுதேசி என்பதும் பாய்காட் என்பதும் ஒரே நாணயத்தின் இரு பக்கமாகப் பேசப்பட்டன.

தமிழ்நாட்டில் அதற்கு உருவம் கொடுத்த ஊர் தூத்துக்குடி. வ.உ. சிதம்பரனார் 1906-இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கினார். தூத்துக்குடி–கொழும்பு தடத்தில் அதுவரை கொடிகட்டிப் பறந்த பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தும் மக்கள் சுதேசிக் கப்பலையே தேடிப் போனார்கள். வாங்காதே என்று சொன்னதோடு நிற்காமல், வேறு எதில் ஏறுவது என்பதற்கும் வ.உ.சி. பதில் வைத்திருந்தார்.

வ.உ.சி. வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1908-இல் கோரல் மில் என்ற நூற்பாலையில் வேலைநிறுத்தம் நடந்த நாட்களில், தூத்துக்குடியில் ஒரு வழக்கறிஞர் சவரத்துக்கு உட்கார்ந்திருக்கிறார். பேச்சுவாக்கில் அவர் வ.உ.சி.க்கு எதிராக ஏதோ சொல்ல, சவரம் செய்தவர் பாதியிலேயே கத்தியை மடக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். ஊரில் வேறு யாரும் மீதியை முடித்துவிட வரவில்லை. அரை முகத்தோடு வழக்கறிஞர் வெளியூர் போகவேண்டியதாயிற்று. லாக் மாஸ்க்கில் கொல்லரும் வண்ணாத்தியும் செய்ததைத் தூத்துக்குடியில் நாவிதர் செய்தார். மேல்சாதி வீட்டு வாசலில் கைகட்டி நிற்கவேண்டும் என்று வைக்கப்பட்டிருந்த ஒருவர், 'மாட்டேன்' என்று சொல்ல முடிந்த நாள் அது.

பகிஷ்காரமா, புறக்கணிப்பா? எது சரி?

இரண்டும் வழக்கில் உள்ளவை. அந்நியத் துணி பகிஷ்காரம், சைமன் கமிஷன் பகிஷ்காரம் என்று விடுதலைப் போராட்டக் காலத்தில் எழுதினார்கள். இலங்கைத் தமிழில் இன்றும் பகிஷ்கரிப்பு என்பது இயல்பான சொல். வேலைநிறுத்தத்தைக்கூடப் பணிப்பகிஷ்கரிப்பு என்பார்கள். தமிழ்நாட்டில் புறக்கணிப்பு நிலைத்துவிட்டது. ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. 'அரசு எங்கள் ஊரைப் புறக்கணிக்கிறது' என்றால் அலட்சியம் செய்கிறது என்று பொருள். 'ஊர் தேர்தலைப் புறக்கணிக்கிறது' என்றால் கோரிக்கை வைத்துப் போராடுகிறது என்று பொருள். செய்தி எழுதும்போது எந்தப் பொருளில் என்பதைச் சுற்றியுள்ள சொற்களால் தெளிவாக்கிவிடுவது நல்லது.

ஊரைவிட்டு ஒதுக்கி வைப்பதும் பாய்காட்தானே?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு தூரம் எழுதினேன். தள்ளி வைப்பது, ஊர்க் கட்டுப்பாடு, ஊர்விலக்கம் என்று எத்தனை பெயர். சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட குடும்பத்துக்குக் கடையில் சாமான் தரக் கூடாது, கோயில் வரி வாங்கக் கூடாது, அந்த வீட்டாரோடு பேசினால் அபராதம். தலித் மக்கள் கூலி உயர்வு கேட்டாலோ, பொதுக் குளத்தில் தண்ணீர் எடுத்தாலோ, வேலையும் வழியும் மறுக்கப்படும். வெளிப்பார்வைக்கு லாக் மாஸ்க்கில் நடந்ததுபோலவே இருக்கும்.

அம்பேத்கர் இதை மிக நெருங்கிப் பார்த்தவர். 1927-இல், இன்றைய மகாராஷ்டிரத்தில் உள்ள மகாடு ஊரின் பொதுக் குளத்தில் தண்ணீர் எடுக்கும் போராட்டத்தை அடுத்து அவர் தொடங்கிய இதழின் பெயரே 'பகிஷ்கிருத் பாரத்', அதாவது பகிஷ்கரிக்கப்பட்டவர்களின் பாரதம். அரசியல்வாதிகள் மேடையில் பகிஷ்காரம் என்று முழங்கிய அதே காலத்தில், தலைமுறை தலைமுறையாகப் பகிஷ்காரத்துக்கு ஆளானவர்கள் அந்தச் சொல்லையே தங்கள் அடையாளமாக எழுதிக்கொண்டார்கள்.

லண்டனில் நடந்த வட்டமேசை மாநாட்டில் ஒடுக்கப்பட்டோர் பாதுகாப்புக்காக ஒரு திட்டம் கொடுத்தவர்கள் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும். புறக்கணிப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்கவேண்டும் என்று அதில் கேட்டார்கள். 1922-இல் பர்மாவில் இயற்றப்பட்ட புறக்கணிப்புத் தடைச் சட்டத்தின் வாசகத்தையே எடுத்து, வீடு தர மறுப்பது, வேலை தர மறுப்பது, வழக்கமான கொடுக்கல் வாங்கலை நிறுத்துவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். அது சட்டப் புத்தகத்தில் தெளிவாக ஏற நெடுங்காலம் ஆனது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்த திருத்தம்தான் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பைத் தனிக் குற்றமாகச் சேர்த்தது.

என் கருத்து இது. பாய்காட்டுக்கு ரயிலடியும் ராணுவமும் 'டைம்ஸ்' இதழும் இருந்தன. ஊரைவிட்டுப் போனாலும் அவருக்குப் பிழைப்பு உண்டு. தள்ளி வைக்கப்பட்ட கூலிக்காரக் குடும்பத்துக்கு அந்தத் தெருவைத் தவிர வேறு உலகம் இல்லை. அதிகாரம் உள்ளவனிடமிருந்து ஒத்துழைப்பை எடுத்துக்கொள்வது போராட்டம். அதிகாரம் இல்லாதவனிடமிருந்து தண்ணீரையும் கூலியையும் எடுத்துக்கொள்வது தண்டனை. அயர்லாந்திலும், வெளியேற்றப்பட்டவனின் துண்டு நிலத்தை எடுத்த ஏழைகள் மீது இது கொடுமையாகப் பாய்ந்த இடங்கள் உண்டு. ஊர்விலக்கத்தை 'சமூகப் புறக்கணிப்புப் போராட்டம்' என்று எழுதும் செய்திகளைப் பார்க்கும்போது மனசு கொதிக்கிறது. அதற்குப் போராட்டம் என்ற மரியாதை வேண்டாம்.

தேர்தலைப் புறக்கணிப்பதால் பயன் உண்டா?

நம் வரலாற்றில் மூன்று எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன, மூன்றும் வேறு வேறு பாடம்.

1920-இல் ஒத்துழையாமை இயக்கத்தின் பகுதியாகக் காங்கிரஸ் சட்டமன்றத் தேர்தலைப் புறக்கணித்தது. சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி வென்று, சுப்பராயலு ரெட்டியார் முதல்வரானார். அரசு வேலையில் எல்லா வகுப்பாருக்கும் பங்கு தரும் வகுப்புவாரி உரிமை ஆணைகள் போன்ற முக்கியமான வேலைகளை அந்தக் கட்சியின் ஆட்சி செய்தது. களத்தை விட்டு வெளியேறினால் களம் காலியாக இருக்காது, இன்னொருவர் வருவார். அவர் நல்லது செய்தால் மக்களுக்கு லாபம், புறக்கணித்தவருக்கு அல்ல. 1923-இல் காங்கிரசுக்குள்ளேயே ஒரு பிரிவு சுயராஜ்யக் கட்சியாகப் பிரிந்து தேர்தலுக்கு வந்துவிட்டது.

1931-இல் இலங்கையில், பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த டொனமூர் அரசியலமைப்பின்படி, வயதுவந்த எல்லோருக்கும் வாக்குரிமை கொடுத்து முதல் தேர்தல் நடந்தது. அதில் முழுச் சுயாட்சி இல்லை என்று யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் புறக்கணிக்க அழைத்தது. வடக்கின் நான்கு தொகுதிகளில் ஒருவர்கூட மனுத் தாக்கல் செய்யவில்லை. யாரும் மிரட்டி நடந்ததல்ல, கொள்கைக்காக நடந்தது. தெற்கிலும் இதே முடிவை எடுப்பார்கள் என்று எதிர்பார்த்தார்கள், எடுக்கவில்லை. 1934 வரை அந்த நான்கு இடங்களும் அரசாங்க சபையில் காலியாகவே கிடந்தன.

2005 இலங்கை ஜனாதிபதித் தேர்தல் இன்னொரு விதம். புலிகளின் செல்வாக்கில் இருந்த வடக்கில் பெரும்பாலானோர் வாக்களிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பதிவானது ஒன்றிரண்டு சதவீதம்தான். மகிந்த ராஜபக்ச சுமார் 1,80,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 1931-ஐயும் 2005-ஐயும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. போட விரும்பியவர் போட முடியாத இடத்தில் நடப்பதற்குப் புறக்கணிப்பு என்ற பெயர் பொருந்தாது.

கிராமங்கள் செய்வது வேறு கணக்கு. பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் 2024 மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தபோது, தேர்தல் முடிவை மாற்றலாம் என்று நினைத்துச் செய்யவில்லை. வாக்குச்சாவடியில் அதிகாரிகள் மட்டும் உட்கார்ந்திருக்கும் படம் மறுநாள் பேப்பரில் வரும், தாசில்தாரும் கோட்டாட்சியரும் பேச்சுவார்த்தைக்கு வருவார்கள். மற்ற நாட்களில் மனுவை வாங்கிப் பெட்டியில் போடுகிற அதிகாரி அன்று ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறார். மிச்ச ஐந்து ஆண்டும் கேட்காத காது அன்று கேட்கிறது என்பதற்காகச் செய்கிறார்கள். அவர்களைப் 'ஜனநாயகக் கடமை தவறியவர்கள்' என்று கண்டிப்பவர்கள், அந்த ஊர் அதற்குமுன் எத்தனை மனு கொடுத்தது என்று முதலில் கேட்கவேண்டும்.

நோட்டாவும் புறக்கணிப்பும் ஒன்றா?

இல்லை. நோட்டா, உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பரில் அளித்த தீர்ப்புக்குப் பின் வாக்கு இயந்திரத்தில் வந்த பொத்தான். வாக்குச்சாவடிக்குப் போய், வேட்பாளர் யாரும் வேண்டாம் என்று ரகசியமாகப் பதிவுசெய்வது. புறக்கணிப்பில் ஊருக்கே தெரியும்படி வாக்குச்சாவடிக்குப் போகாமல் இருக்கிறோம்.

ஹர்த்தால், வேலைநிறுத்தம், வெளிநடப்பு எல்லாம்?

ஹர்த்தால் நம் கடையை நாமே சாத்துவது. வேலைநிறுத்தம் உழைப்பை நிறுத்துவது. வெளிநடப்பு சபைக்குப் போய்விட்டு எழுந்து வருவது. ஒத்துழையாமை இவை எல்லாவற்றையும் உள்ளடக்கிய பெரிய குடை.

பாய்காட் செய்வது சட்டப்படி குற்றமா?

ஒரு பொருளை வாங்காமல் இருப்பதும், வாங்காதீர்கள் என்று அமைதியாகச் சொல்வதும் குற்றமல்ல. 2017 மார்ச்சில், ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் தொடர்ச்சியாக, தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் பெப்சி, கோக் விற்பதில்லை என்று அறிவித்தது அப்படிப்பட்டது. கடையை உடைப்பது, வாங்க வந்தவரை மிரட்டுவது குற்றம். பட்டியல் சாதியினரை, பழங்குடியினரை ஒதுக்கி வைப்பது மேலே சொன்ன சட்டப்படி குற்றம். வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தைப் புறக்கணிக்க உரிமை இல்லை என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தீர்ப்புக்குப் பிறகும் அது நடக்கிறது, வாய்தா வாங்கிக்கொண்டு திரும்புவது என்னவோ வழக்குக்காக பஸ் பிடித்து வந்த கட்சிக்காரர்தான்.

கிரிக்கெட் வீரர் ஜெஃப்ரி பாய்காட்டுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

சொல்லுக்கும் அவருக்கும் தொடர்பில்லை, ஒரே குடும்பப் பெயர் மட்டுமே. ஆனால் நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்காவை விளையாட்டு உலகம் ஒதுக்கியிருந்தபோது, 1982-இல் அங்கே போய் ஆடிய இங்கிலாந்து அணியில் அவர் இருந்தார்; அதற்காக மூன்று ஆண்டு தடையும் பெற்றார்.

அந்தத் தென்னாப்பிரிக்கப் புறக்கணிப்பில் சென்னைக்காரர்கள் தங்கள் வாழ்நாள் வாய்ப்பையே கொடுத்தார்கள். 1974 டேவிஸ் கோப்பை டென்னிஸில் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் இருந்த இந்திய அணி, சோவியத் அணியை வென்று இறுதிக்கு வந்தது. எதிரில் தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சியோடு ஆடமாட்டோம் என்று இந்தியா விலகியது. கோப்பை ஆடாமலேயே தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. அதன் பிறகும் இந்தியா இறுதிக்கு வந்தது, ஆனால் டேவிஸ் கோப்பையை இதுவரை வென்றதில்லை. விலை கொடுத்துச் செய்த புறக்கணிப்பு என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஹாஷ்டேக் பாய்காட் எல்லாம் வேலை செய்யுமா?

அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில் என்ன வேலை நடந்தது என்று பார்த்தால் பதில் தெரியும். 1955 டிசம்பரில், பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்த ரோசா பார்க்ஸ் என்ற கருப்பினப் பெண் கைதான பிறகு, அந்த ஊரின் கருப்பின மக்கள் 381 நாள் நகரப் பேருந்தில் ஏறவில்லை. அத்தனை நாளும் வேலைக்குப் போகவேண்டுமே. யாரிடம் கார் இருக்கிறது, எந்த முனையில் எத்தனை மணிக்கு நிற்கும், பெட்ரோலுக்குப் பணம் யார் தருவது என்று தேவாலயங்களில் உட்கார்ந்து பட்டியல் போட்டார்கள். வீட்டு வேலைக்குப் போகும் வயதான பெண்கள் மைல் கணக்கில் நடந்தார்கள். 1921-இல் போட்ட ஒரு பழைய புறக்கணிப்புத் தடைச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து மார்ட்டின் லூதர் கிங் உள்ளிட்டோர் மேல் வழக்குப் போட்டது நிர்வாகம். கடைசியில் பேருந்தில் நிறம் பார்த்து உட்காரவைப்பது செல்லாது என்று நீதிமன்றத் தீர்ப்பு வந்தது.

ஹாஷ்டேக் இந்த வேலையின் அறிவிப்புப் பலகையாக இருக்கலாம். வேலையே அது அல்ல. எதைக் கேட்கிறோம், யாரால் அதைக் கொடுக்க முடியும், வாங்காதவர்கள் அதற்குப் பதில் எதை வாங்குவார்கள், கேட்டது கிடைத்தால் எப்போது நிறுத்துவோம் என்று சொல்லாத அழைப்புகளில் நான் சேர்வதில்லை. கலிபோர்னியாவில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் 1965-இல் தொடங்கிய போராட்டத்துக்காக அமெரிக்கா முழுக்கத் திராட்சை வாங்குவதை நிறுத்தினார்கள். 1970-இல் முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதும் திராட்சை திரும்பக் கடைக்கு வந்தது. தென்னாப்பிரிக்கா மீதான பொருளாதாரத் தடையை நீக்குங்கள் என்று 1993 செப்டம்பரில் ஐ.நா.வில் கேட்டவர், அந்தத் தடைக்காகப் போராடிய இயக்கத்தின் தலைவர் நெல்சன் மண்டேலாவேதான்.